திரைக்கு வெளியே போன சிவப்புப் பட்டன்

பெரிய போனுக்கு வரைந்த ஆப்பைச் சின்னப் போனுக்குள் அடக்குவது என் பிழைப்பு. எப்படி அடக்கினாலும் ஏதாவது ஒன்று பிதுங்கிக்கொண்டு வெளியே போய்விடும். இதே பிழைப்பில் இருந்து, போன் மணி அடித்தாலே ஒளிந்துகொள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

பூட்டிய பக்கம்

தெலுங்கும் உருதும் பேசும் ஊரில், எங்கள் பேகம்பேட் அலுவலகத்தில் நோயாளிகளுக்காக ஓர் ஆப் செய்தோம். அதில் ஆம்புலன்ஸை அழைக்க ஒரு சிவப்புப் பட்டன். பதறும் கை பட்டுத் திரைப் பக்கம் நகர்ந்துவிடுமோ என்று பயந்து, அது மேலும் கீழும் ஓடாதபடி நானே பூட்டினேன். டிராயரில் கிடந்த சின்னப் போன்கள் அத்தனையிலும் பார்த்தேன். பட்டன் திரையின் அடியில் சமர்த்தாக இருந்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்ததும், இதே ஊரில் அல்வாலில் பிறந்து வளர்ந்த டெஸ்டர் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு கை படுறதுக்கு இவ்ளோ பயமா? டென்ஷன் நக்கோ, வேணாம், அனுப்பு."

பதினோராவது முறை

ஆப் வெளியான நான்காம் நாள் காலை, உதவி மையத்துப் பெண் ஓடிவந்து ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். பேசியது, மதுரையிலிருந்து கொண்டாப்பூரில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா. மகன் வேலைக்குப் போய்விட்டார், கணவருக்கு நெஞ்சுவலி. "ஆம்புலன்ஸ் பட்டன் எங்க தம்பி? உங்க ஹெல்ப் நம்பர் மட்டுந்தான் தெரியுது!"

"எழுத்தைப் பெருசா வச்சிருக்கீங்களாம்மா?"

"ஆமா, மகன்தான் வச்சுக் குடுத்தான்."

எழுத்தைப் பெரிதாக்கி நாங்கள் யாருமே பார்க்கவில்லை. எழுத்து பெருத்ததில் பட்டன் திரைக்குக் கீழே போயிருந்தது. விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லலாமென்றால், பக்கத்தைப் பூட்டியவன் நான். "108 அடிங்கம்மா" என்று கத்துவதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மதியம், பதினோராவது முறை அழைத்தபோது அந்த அம்மா எடுத்தார். கணவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டாராம். எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன்.

"பால்கனியில நின்னு ஐயோன்னு கத்துனேன் தம்பி. தமிழ் தெரியாதவங்கெல்லாம் ஓடி வந்து தூக்கிட்டுப் போனாங்க."

மறு சோதனை

அன்றே பூட்டைத் திறந்து, பட்டனைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோனேன். எல்லாப் போன்களிலும் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக்கி, செல்வியிடம் நீட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹவ், ஆமா, எல்லாத்துலயும் தெரியுது. இப்ப அனுப்பு."

அந்தப் பட்டன் இப்போது எந்தப் போனிலும் தெரிகிறது. எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது.