ஏணியடியில் செருப்பு இல்லை

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆடிட் வருகிறது, எல்லா வேலைக்கும் ஃப்ளோசார்ட் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சீசன் நேரத்தில் கட்டம் போட்டு அம்புக்குறி இழுக்க யாருக்கு நேரம்? ஆபீசிலேயே உட்கார்ந்து ஒன்றை வரைந்தேன். ‘டேங்க் கழுவுதல்’ ஒரு கட்டம், ‘மிக்ஸர் ஆன்’ அடுத்த கட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி.

மேனேஜர் அதைத் திருப்பிக் கொடுத்தார். வேலை செய்கிறவர்களைக் கேட்டு வரையச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே ஆபரேட்டர் முருகேசனிடம் போனேன்.

கூழைக் கலக்கும் டேங்க் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஏணியில் ஏறி, மேல்வாய் வழியாக ஒருவர் இறங்கி உட்புறம் தேய்ப்பார். உள்ளே, மிக்ஸரைப் போட்டால் சுழலும் இரும்பு இறக்கைகள் உண்டு. பாய்லர் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. கழுவி முடித்தது எப்படித் தெரியும் என்று முருகேசனைக் கேட்டேன்.

“ஏணிக்குக் கீழ செருப்பு இருக்குதான்னு பாப்பேங்க சார். இல்லீன்னா ஆளு வெளிய வந்தாச்சு.”

சாப்பிடுகிற பொருள் என்பதால் எங்கள் ஆட்கள் செருப்போடு டேங்கில் கால் வைக்க மாட்டார்கள். நல்ல அடையாளம்தான் என்று எழுதிக்கொண்டேன். முருகேசன் ஏணியடியைப் பார்த்தார். செருப்பு இல்லை. அவர் கை மிக்ஸர் ஸ்விட்சுக்குப் போனது.

அன்று டேங்க் கழுவ வேண்டியவர் கஸ்தூரி. காலையில் கேட்டில் அவர் வெறுங்காலோடு வந்ததைப் பார்த்து விசாரித்திருந்தேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க விரதம், செருப்பு போடுவதில்லை என்றார்.

அது நினைவுக்கு வந்ததும் முருகேசனின் கையைப் பிடித்து இழுத்தேன். ஏணியில் ஏறினேன். எட்டிப் பார்த்தால், இறக்கைக்கு அடியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார் கஸ்தூரி.

“இன்னும் கொஞ்சந்தானுங்க சார். அடிப்பக்கம் பிசுக்கு போகல,” என்றார்.

அன்றே விதி மாறியது. டேங்கில் இறங்குகிறவர் மெயின் ஸ்விட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். படத்திலும் அதற்கு ஒரு கட்டம் வந்தது. புதிதாக வருகிற சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபீசில் உட்கார்ந்து வரையாதீர்கள். ஒவ்வொரு அம்புக்குறியிலும் நின்று, ‘எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பயந்தவன் சொல்கிறேன்.

முருகேசன் அன்று சாப்பிடவே இல்லை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், அவங்க போன வாரமே விரதம் ஆரம்பிச்சிட்டாங்களாம். நேத்தும் அவங்கதான் கழுவுனாங்க. நேத்தும் நான் செருப்பு இல்லீன்னு பாத்துத்தான் ஸ்விட்சப் போட்டேன்.”