வாசலில் நின்ற மோர்க்காரி

பிள்ளைகளே, பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷம் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நமுனுகுல மலையடியிலிருந்து பதுளைக்கும், பதுளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் தன்னந்தனியாக நடந்தவன். தினமும் சுடுகாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். "பயமா இல்லையா?" என்று கேட்டவர்களிடம், "இருக்கு, ரத்தம் உறிஞ்சுற அட்டைக்கு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். பெரியவன் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதுளைக்கு ரயிலும் வரவில்லை. நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன், அதுவே எங்கள் லயத்து வீடுகளில் பெரிய படிப்பு. நடக்கிற நேரமெல்லாம் சும்மா நடக்க முடியாமல் மனதுக்குள் கதை கட்டிக்கொண்டு போவேன். உங்களுக்குப் படுக்கையில் சொல்லுகிறேனே, பெரகல சந்தியில் வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்கு எந்தப் பாதை என்று தெரியாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் கதை, அதுகூட அந்த நாளில் நடந்து நடந்து கட்டியதுதான். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். பல நாள் நானும் தூங்கிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்து நடப்பது வழக்கம். இது நடப்பதற்கு முந்தின வருஷம் கூத்து முடியும்போது சூரியன் வந்துவிட்டது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பாதிப் பேர்கூடப் போகவில்லை. போனவர்களும் நின்றுகொண்டே தூங்கினார்கள். தோட்டத்துத் துரைக்குக் கோபம் வந்து கூத்தையே நிறுத்திவிட்டார். பெரிய கங்காணி மூன்று தடவை பங்களாவுக்கு நடந்து கெஞ்சி, கடைசியில் ஒரு அனுமதி வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிக்க வேண்டும். துரையே வந்து பார்ப்பார். ஒழுங்காக நடந்தால் வருஷா வருஷம் நடத்தலாம், குளறுபடி ஆனால் இந்தத் தோட்டத்தில் இனிக் கூத்தே கிடையாது.

"விடியுற வரைக்கும் ஆடுற கதைய மூணு மணி நேரத்துல எப்படிங்க ஆடுறது?" என்று எல்லாரும் தலையில் கை வைத்தார்கள்.

கங்காணி என்னைப் பார்த்தார். "டேய் தபாலு, நீதான் நடக்குறப்ப எல்லாம் தனியா பேசிக்கிட்டுப் போறியாமே. அதை நோட்டுல எழுது. சின்னக் கதையா எழுது."

இப்படித்தான் நான் புலவன் ஆனேன்.

ஒரு ராஜா, ஒரு ராணி, எதிரி ராஜா ஒருவன், வாசலைக் காக்கும் கட்டியக்காரன் ஒருவன். கதையில் எல்லாரும் சண்டைதான் போடுகிறார்களே, கொஞ்சம் சிரிப்பு வேண்டாமா என்று ஒரு மோர்க்காரியையும் சேர்த்தேன். ராணிக்குத் தாகம் எடுக்கும். "வாசலிலே மோர்க்காரி வந்து நிற்கிறாள், வரச் சொல்லு" என்பாள். மோர்க்காரி வந்து ராஜாவையே வாய்க்கு வாய் பேசி மடக்குவாள். இவ்வளவுதான் அவள் வேலை.

ஆனால் பெண் வேஷம் கட்ட ஆண்கள்தானே வேண்டும்? ராணி வேஷத்துக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மாரிமுத்து அண்ணன், பத்து வருஷம் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு வந்தார். மோர்க்காரிக்கு ஆள் இல்லை. சேலையும் கிடைக்கவில்லை. லயத்துப் பெண்கள் இரண்டே இரண்டு நல்ல சேலைதான் கொடுத்தார்கள், அந்த இரண்டும் மாரிமுத்து அண்ணன் உடம்பைச் சுற்றவே சரியாய்ப் போயிற்று. நேரமும் இடிக்கிறது. மோர்க்காரியை எடுத்துவிட்டேன். அவளுக்கு வரவுப் பாட்டுகூட எழுதவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, கூத்தில் யாராக இருந்தாலும் இரண்டு பேர் பிடிக்கிற திரைக்குப் பின்னால் நின்று, தான் இன்னார் என்று பாடிவிட்டுத்தான் உள்ளே வரலாம். பாட்டு இல்லாதவருக்கு வழி இல்லை.

அவளை எடுத்தேன், ஆனால் ராணி சொல்லும் அந்த வரியை எடுக்க முடியவில்லை. மாரிமுத்து அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டே முழுக் கதையையும் பாடம் பண்ணியிருந்தார்.

"தம்பி, நான் காதால படிச்சவன். நடுவுல ஒரு வரியைப் புடுங்குனா, மேல இருக்கிறது எல்லாம் சரிஞ்சி விழுந்துரும்" என்றார். சோதித்துப் பார்த்தோம். அந்த வரியை விடச் சொன்னதும் மனிதர் திருதிருவென்று விழித்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சரி, வரி இருந்துவிட்டுப் போகட்டும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

மறுநாள் காலை, நல்ல வெயில், ஏழாம் மைல் கட்டைக்குப் பக்கத்தில் வருகிறேன். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் வாசம் அடித்தது. அந்த இடத்தில் வீடு கிடையாது, கடை கிடையாது. இரண்டு பக்கமும் தேயிலைதான். பிரமை என்று நடந்தேன். அடுத்த நாளும் அதே இடம், அதே வாசம். மூன்றாம் நாள் பார்த்தால், மைல் கல்லின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பானை. சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும், வாய் நிறைய வெற்றிலை.

"எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"கேக்குறதப் பாரு! எழுதிப்புட்டு எந்தத் தோட்டம்னு கேக்குறான். எத்தனை நாளாடா நான் அரமணை வாசல்ல நிக்கிறது? தலை நோவுது. மோர் புளிச்சிப் போவுது. உள்ள கூப்புடப் போறியா இல்லையா?"

பிள்ளைகளே, நான் ஓடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவள் பேச்சைக் கேட்டால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். நான் அவளுக்கு எழுதி வைத்திருந்த பேச்சு அப்படி. அதே வாய், அதே இடக்கு.

"ஆள் இல்லைம்மா. சேலையும் இல்லை" என்றேன், ஏதோ கடைக்காரரிடம் சாக்குச் சொல்லுவது மாதிரி.

"ஆளும் சேலையும் என் பாடு. நீ பாட்டைப் போடு. பாட்டு இல்லாம திரைக்கு வெளிய எப்படி வர்றது? நான் என்ன மொறை தெரியாதவளா?"

எதிரே மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "யார்கிட்ட தம்பி பேசுற?" என்றார். திரும்பினேன். கல் மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை, ஆனால் குரல் விடவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், "மெதுவா வா, நான் எங்க போகப் போறேன், நிக்கத்தானே விட்டுருக்க" என்பாள். தபால் ஆபீசில் வரிசையில் நின்றால், "நின்னு பாரு, அப்பத் தெரியும் கால் வலி" என்பாள். நான் சிரித்துவிட்டேன், தபால் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை திரும்பி வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. நடந்துகொண்டே பாட்டுக் கட்டினேன். காகிதத்தில் எழுதவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள்தான் நாலு வரி.

*வந்தேனே மோர்க்காரி வாசலில் நின்றேனே,*
*வெந்தேனே வெயிலிலே வேர்த்தேனே நொந்தேனே,*
*கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டு*
*மொத்தப் பானை மோரும் உண்டு மன்னருக்கும் மக்களுக்கும்.*

கடைசி வரி முடிந்ததும் பக்கத்தில் யாரோ பானையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது போல ஒரு முனகல். அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது. அப்பாடா, நம் மனசு செய்த வேலை, பாட்டுக் கட்டியதும் ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு. பெரட்டுக் களத்தில் லயம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. துரை நாற்காலி போட்டு, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு இருக்கிறார். கங்காணி அவர் பக்கத்தில், வேர்த்துக் கொட்டுகிறது. நான் திரையின் ஓரத்தில் நோட்டுடன் அடியெடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ராணி வந்தார். வந்து, "வாசலிலே மோர்க்காரி வந்து நிற்கிறாள், வரச் சொல்லு" என்று கையை நீட்டிச் சொன்னார் மாரிமுத்து அண்ணன்.

ஒத்திகையில் அந்த வரியை யாரும் கவனித்ததில்லை. இப்போது முன்னூறு பேர் கவனித்தார்கள். எல்லாத் தலையும் திரைப் பக்கம் திரும்பியது. ராஜா வேஷக்காரரும் திரும்பினார், திரும்பியவர் தன் அடுத்த வரியை மறந்துபோனார். நான் அடியெடுத்துக் கொடுக்கிறேன், அவர் காதில் விழவில்லை. மத்தளம் நின்றது.

"எங்கப்பா மோர்க்காரி?" என்று ஒரு குரல்.

"மோரு கடையப் போயிருக்கா!" என்று இன்னொரு குரல். சீட்டி. சிரிப்பு. துரை சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கங்காணியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, ஒரு வரியால் தோட்டத்துக் கூத்தையே கெடுத்தேன் என்று தலையைக் குனிந்தேன்.

அப்போது திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். மோர் வாசம்.

*வந்தேனே மோர்க்காரி...*

என் பாட்டு, பிள்ளைகளே. நான் மனதுக்குள் கட்டிய அதே நாலு வரி, ஒரு எழுத்து மாறவில்லை. திரை இறங்கியது. தலையில் பானை, முக்காடு போட்ட முகம், ஒரு பச்சைச் சேலை. ராஜாவின் முன்னால் போய் நின்று, "என்ன ராஜா, வாயில ஈ போவுது! நாட்டை ஆளுறவரு நாலு வார்த்தை பேச மறந்துட்டீரா?" என்றாள். களமே அதிர்ந்தது. ராஜாவுக்கு ரோஷம் வந்து, மறந்த வரியெல்லாம் தானாக வந்துவிட்டது. கட்டியக்காரன், ராணி, ஒருவரையும் அவள் விடவில்லை. பிறகு நேரே துரையிடம் போய்ச் சிரட்டையில் மோர் ஊற்றி நீட்டினாள். துரை வாயில் வைத்து முகத்தைச் சுளித்தார். அப்புறம் முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு சிரட்டை கேட்டார். லயத்து ஜனம் சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது.

போகும்போது என் பக்கம் வந்தாள். பக்கத்தில் பார்த்தால் வாய் நிறைய வெற்றிலை. "இனிமே யாரையும் எழுதிப்புட்டு வாசல்ல நிறுத்தாத" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். அதுவும் கூத்துத்தான் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போதே கூத்து முடிந்தது. துரை எழுந்து கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வருஷா வருஷம் நடத்தலாம் என்றார். இன்றைக்கும் நீங்கள் பார்க்கிறீர்களே அந்தக் கூத்து, அப்படித் தப்பியதுதான்.

வேஷம் கலைக்கும்போது மாரிமுத்து அண்ணன் கேட்டார், "மோர்க்காரி யாருடா? நல்லாப் பண்ணுனான்யா!"

திரை பிடித்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீங்க அனுப்புன ஆளுன்னுதானே நாங்க திரையை எறக்கினோம்" என்றார்கள். ஒவ்வொரு ஆணாக எண்ணிப் பார்த்தோம், எல்லாரும் களத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். பச்சைச் சேலை எங்கள் லயத்தில் யாரிடமும் இல்லை. மேல் தோட்டத்து ஆள் எவனோ குறும்பு செய்தான் என்று கடைசியில் முடிவு செய்தார்கள். நானும் ஆமாம் என்றேன். பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாட்டு என் நோட்டில் இல்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். முந்தாநாள் சாயங்காலம் சின்னவள் வள்ளி வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, ஒருத்தர் குடையோட நிக்கிறாரு. பெரகலையில இருந்து வர்றாராம். வீட்டுக்கு எந்தப் பாதைன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

கதையில் கேட்டதை வைத்து விளையாடுகிறாள் என்று நானும் சிரித்துக்கொண்டே, "குடை எப்படி இருக்கு?" என்றேன்.

"கறுப்புக் குடை. ஒரு கம்பி முறிஞ்சி, வாழை நார் போட்டுக் கட்டியிருக்கு."

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மழை இல்லை. படியில் மட்டும் நாலு சொட்டு ஈரம்.

குடைக் கம்பி முறிந்ததும் அதை வாழை நாரால் கட்டியதும் என் மனதில் மட்டும் இருக்கிற விஷயம். இன்றுவரை உங்களில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

அதனால் பிள்ளைகளே, இன்றைக்கு இருட்டுவதற்கு முன்னால் மூன்று பேரும் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். யாரும் தூங்கக் கூடாது. அந்த மனிதரை இன்றைக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும்.