புருஷன் கையெழுத்து

காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த சிவரூபியிடம், "சிவா, உன் விசாவை கேன்சல் பண்ணப் போறேன்" என்றாள் இனெஸ் மேடம், ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. அள்ளிய தட்டுகளைச் சிவரூபி திரும்ப மேசையிலேயே வைத்தாள். எட்டு வருஷமாக அந்தத் துபாய் ஃபிளாட்டில் வேலை பார்க்கிறாள். ஒரு கோப்பைகூட உடைத்ததில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம்?"

"தப்பெல்லாம் இல்லை. உன் புருஷன் மெசேஜ் அனுப்பியிருக்கார். உன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்றார். குடும்ப விஷயம், நான் குறுக்கே நிற்கக் கூடாது இல்லையா?"

மேடம் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் கொடுமை.

புருஷன் இராஜரத்தினம் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். சிவரூபி வெளிநாடு வருவதற்கு, அங்கத்து அரசாங்க விதிப்படி, ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த ஒரு கையெழுத்துக்காகப் பதினொரு நாள் அவளைத் தன் பின்னாலேயே அலையவிட்ட மகாராசன். இத்தனை வருஷமும் அவருக்குச் சமைத்துப் போட்டவள் மகள் லக்சிகா. அவளும் போன மாதம் மட்டக்களப்புக்குப் படிக்கப் போய்விட்டாள். முந்தாநாள் போனில் மனுஷன் கத்தியது அதனால்தான்: "சோறாக்க ஆளில்ல. நான் போட்ட கையெழுத்து, நானே திருப்பி வாங்கிக்குவேன்." வெறும் வாய்ப்பேச்சு என்று அவள் விட்டுவிட்டாள். மேடம் வரைக்கும் போவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"உங்க ஊர்ல புருஷன் சொன்னா வேலையவிட்டு நிப்பாட்டுவாங்களா மேடம்?" என்று அழுகையோடு கேட்டாள்.

"ஸ்பெயினிலா? சேச்சே! எங்க மந்திரிகள்ல பாதிப் பேர் பெண்கள்."

மேசையின் மறுமுனையில், தேரா சந்தையில் வாங்கிய கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார் மேடத்தின் அம்மா ரெமேதியோஸ். குளிர்காலத்துக்கு மகளிடம் வந்திருப்பவர். என்ன விஷயம் என்று கேட்டார். மேடம் ஸ்பானிஷில் சொன்னாள். கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கில் சிவரூபி பயந்தே போனாள். அம்மா பேசப் பேச, மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் சரளமாக, பிறகு நின்று நின்று.

சரகோசா நகரத்தில் கூரை ஓடு செய்யும் ஓர் ஆலையின் அலுவலகத்தில் அம்மா தட்டச்சு வேலை பார்த்தவர். அப்போது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். கல்யாணமான பெண் வேலைக்குப் போகவும், வங்கியில் கணக்குத் திறக்கவும், பாஸ்போர்ட் எடுக்கவும் புருஷனின் அனுமதி வேண்டும் என்பது சட்டம். அவர் புருஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் ஒரு நாள், சூப் ஆறிப்போயிருந்தது என்று சண்டை. மறுநாளே ஆலைக்குப் போய் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாழாய்ப்போன சட்டம் அதற்கும் இடம் கொடுத்தது.

"மேலாளர் என்னைக் கூப்பிட்டார். குடும்ப விஷயம், நான் குறுக்கே நிற்கக் கூடாது இல்லையான்னு..." அம்மா சொன்னதை அப்படியே சொல்லிவந்த மேடத்தின் குரல் அங்கே நின்றேவிட்டது.

எழுபத்தைந்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்களாம். அதற்குள் அம்மாவின் நாற்காலியில் வேறொருத்தி.

சிவரூபி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக்காரிக்குமா இந்தக் கதி? அதுவும் சூப்புக்காகவா? அவளைவிட மேடம்தான் பேயறைந்தது போல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பிறந்ததாலதான் வேலையை விட்டேன்னு சொன்னீங்களே அம்மா!" ஐம்பது வருஷம் அந்தப் பழியைச் சுமந்தவள் அவள்.

"அப்பாவை நீ வெறுத்துடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். இப்ப பார், அந்த மேலாளர் நாற்காலியில நீயே உட்கார்ந்திருக்கே."

பிறகு அம்மா சிவரூபியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ? போக விருப்பமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"இல்ல" என்றாள். அவ்வளவு சத்தமாகச் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தாள். "விசா இருக்கட்டும்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

மத்தியானம் இராஜரத்தினம் கூப்பிட்டார். "டிக்கட் போட்டாச்சா?"

"பக்கத்துல பேனா இருக்கா?" என்றாள் சிவரூபி.

"பேனா எதுக்கு? எதுல கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்து வேணாங்க. எழுதிக்கங்க. ஒரு சுண்டு அரிசி. ரெண்டு தரம் நல்லா கழுவணும்."