தும்மலைத் தொலைத்த யானையின் பின்னங்கால்கள்

ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குப் பாட்டும் நாடகமும் போடும் அந்தக் குழுவில் அவளுக்குப் 'பின்னங்கால்' என்றுதான் பேர். கேலிக்காக வைத்த பேர் இல்லை. வேலையே அதுதான். தும்மலைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி அலையும் ஒரு யானையின் கதையைத்தான் அவர்கள் பெரும்பாலும் போடுவார்கள். யானையின் முன்பாதி அவள் கணவன். பின்பாதி அவள்.

அவள் முதலில் வெறும் தையல்காரி. யானைத் தோல் தைக்கத்தான் கூப்பிட்டார்கள். தைத்து முடித்து, தையல் எங்கேயாவது இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்க உள்ளே புகுந்தாள். அந்த வாரம் பார்த்துப் பின்னங்காலாக நடித்தவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. உள்ளே போனவள் அப்புறம் வெளியே வரவேயில்லை. முன்பாதிக்காரரோடு கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகு. "முதுகைப் பாத்தே சம்மதிச்சுட்டேன். முகத்தைப் பாத்திருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்பாள்.

பின்பாதிக்குக் கண் கிடையாது. இடுப்பை வளைத்துக் குனிந்து, கணவனின் இடுப்பில் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டை இழுபட்டால் நடக்க வேண்டும், தொய்ந்தால் நிற்க வேண்டும். இருட்டில் தெரிவதெல்லாம் அவன் குதிகால் மட்டும்தான். குழந்தைகளின் சிரிப்பு துணியைத் தாண்டி உள்ளே வரும். எத்தனையோ வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறாள். சிரித்த முகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை, நரம்பு. தலையில் பாரமே ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யானைத் தலையோ பிரம்பும் ஸ்பாஞ்சுமாகச் செய்த பெரும் பாரம். அதை வைத்துக்கொண்டு குதிக்கவும் வேண்டும்.

குழுவை நடத்தும் மேடம் அதிகம் யோசிக்கவில்லை. ஒத்திகை அறையில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "யானையை எடுத்துடலாம். துணியில ஒரு யானை வரைஞ்சு பின்னாடி தொங்கவிட்டுடுவோம். குரல் மட்டும் குடுத்தாப் போதும். நீ டிக்கெட் மேசையில உக்காந்துக்கோம்மா."

"துணி யானை எப்படி மேடம் தும்மும்?" என்று கேட்டாள் அவள்.

"டிரம்ஸ்ல ஒரு அடி அடிச்சா சரியாப் போச்சு."

"அப்போ தும்முறது டிரம்ஸு. யானை இல்ல."

அவள் எழுந்து நின்றாள். "நான் முன்னாடி வர்றேன். இவர் பின்னாடி வரட்டும். குனிஞ்சு நடக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாரம்தான் கூடாது."

"நான் பின்னாடியா?" என்றான் கணவன்.

டிரம்ஸ்காரத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, வீட்டுல பழகினதுதானே! மேடைக்குன்னு தனியா எதுவும் கத்துக்க வேண்டாம்."

கணவன் முறைத்தான். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உனக்கு முன்பாதி பழக்கமே இல்லையேம்மா" என்றார்.

"பழகிக்கிறேன்."

"சனிக்கிழமை பள்ளிக்கூட அரங்கத்துல ஷோ இருக்கு. அதுல பாக்கறேன். சரியா வரலைன்னா துணி யானைதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அன்றிலிருந்து யானைத் தலை அவள் தலையை விட்டு இறங்கவில்லை. தலையோடு பாத்திரம் தேய்த்தாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். வலது கையில் தும்பிக்கைக் கயிறு, இடது கையில் காதுக் கயிறு, பார்ப்பதற்கு யானையின் வாயில் ஒரு வலைத் துண்டு. இருவரும் சேர்ந்து நடந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை; நடைதான் எப்போதோ பழகியதாயிற்றே. சல்லடையைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் அலறிய அலறலில் கீழ்வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். "நான்தாங்க, நான்தான்!" என்று இவள் பதற்றத்தில் தும்பிக்கையை ஆட்டவும், அலறல் இன்னும் கூடியது.

கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி கணவன் சொன்னான்: "ரெண்டு பேர் கழுத்தும் போயிட்டா வீட்டுல யாரு திரும்பிப் பாக்கறது? விட்டுடேன்."

"விட மாட்டேன். டிக்கெட் கிழிக்கறதுக்கா நான் அந்தத் தோலைத் தைச்சேன்?"

அவன் ஒத்தடத்தை இன்னும் அழுத்தமாக வைத்தான்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசைக் குழந்தைகள் தரையில் பாய்விரிப்பில், பெரியவர்கள் பின்னால் நாற்காலிகளில். டிரம்ஸ் அடி விழுந்தது. சைடு திரையிலிருந்து யானை நடுமேடைக்கு வர வேண்டும். திரை மறைவில் யாரோ தும்பிக்கையைப் பிடித்து இழுத்துவிட்டதால் முதல் சில அடிகள் சரியாகத்தான் வந்தன. வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, மறுபடி டிரம்ஸ் அடித்ததும் நடக்க வேண்டும்.

அவள் நின்றாள். வலை வழியே முதல் தடவையாகக் குழந்தைகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி ஒன்று. அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பது ஒன்று. டிரம்ஸ் அடித்தது. அவள் நகரவில்லை. பயமில்லை. பட்டை இழுபடட்டும் என்று காத்திருந்தாள். அத்தனை வருஷமும் இழுத்தால்தானே கால் எடுத்திருக்கிறாள்!

கணவனோ அடி கேட்டதும் கிளம்பிப் பழகியவன். கிளம்பிவிட்டான். அவன் தலை அவள் முதுகில் நங்கென்று முட்டியது. முன்னங்கால்கள் நிற்க, பின்னங்கால்கள் நடக்க, யானையின் நடுமுதுகு குன்று போல எழும்பியது.

"யானைக்கு வயித்துவலி!" என்று ஒரு குழந்தை கத்தியது. அரங்கமே சிரித்தது. சைடு திரையில் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

"நட!" என்றான் கணவன் உள்ளேயிருந்து.

"நீங்க இழுங்க!"

"யாரு இழுக்கறது? நீதானே முன்னாடி நிக்கறே!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனிமேல் யாரும் இழுக்கப் போவதில்லை. முன்னால் ஒரு குதிகால் கிடையாது. மேடை மட்டும்தான் இருக்கிறது. டிக்கெட் மேசை கண்முன் வந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தாள். பட்டை இழுபட்டது, அவள் இடுப்பிலிருந்து. பின்னால் இரண்டு கால்கள் தடுமாறி, அப்புறம் ஒழுங்காகத் தொடர்ந்தன.

அதன்பிறகு அவள் எங்கேயும் நிற்கவில்லை. கிளியிடம் கேட்டாள், ஆமையிடம் கேட்டாள், 'என் தும்மலைப் பார்த்தீர்களா' என்று குழந்தைகளிடமே தும்பிக்கையை நீட்டினாள். மடியில் ஒளிந்திருந்த குழந்தை தன் பாக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க இல்ல" என்றது.

கடைசியில் தும்மல். அவள் தும்மிக் குதித்தாள். கணவன் குதிக்க மறந்துவிட்டான். எல்லாம் அடங்கிய பிறகு ஞாபகம் வந்து, பின்னங்கால்கள் மட்டும் தனியாக ஒரு குதி குதித்தன. தும்மல் இப்போதுதான் வால்பக்கம் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக் குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

வேனில் சாமான் ஏற்றும்போது மேடம் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஆரம்பத்துல சொதப்பிட்டே."

"ஆமா மேடம். இனிமே நிக்க மாட்டேன்."

மேடம் யானைத் தலையைத் தட்டிப் பார்த்தார். "தலை பரவாயில்ல. பின்னங்கால்தான் ரொம்ப மோசம். அடுத்த ஷோவுக்குள்ள அதைச் சரி பண்ணு." சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டிரம்ஸ்காரத் தம்பி கணவனின் தோளைத் தட்டினான். "கேட்டுக்கிட்டீங்களா, பின்னங்காலண்ணே?"

"போடா" என்றான் அவன். ஆனால் வேனுக்குள் ஏறவில்லை. பட்டையை எடுத்து அவளிடமே நீட்டினான்.

அவள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டாள். வேன் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவன் குனிந்து பிடித்துக்கொண்டான்.

"அடி கேட்டதும் கிளம்பாதீங்க. நான் இழுத்தா மட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் முதல் அடியை எடுத்து வைத்தாள்.