சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேனேஜர்

போன வாரம் 312-ஆம் அறையிலிருந்து ஒரு போன். "தலையணை உறைக்குள்ள கறிவேப்பிலை இருக்குது சார்."

திருப்பதியில் எங்கள் ஹோட்டலுக்கு வருபவர்கள் வெந்நீர் வரவில்லை என்பார்கள், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பார்கள். கறிவேப்பிலை புதுசு. அதற்குக் காரணம்... வேறு யார்? அடியேன்தான்.

எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் நிலைப்பதில்லை. நாயுடுபேட்டைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். சூப்பர்வைசர் செல்வியக்காவும் போகப்போவதாகப் பேச்சு. புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். எந்த அறையில் எந்தக் குழாய் ஒழுகும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் போனால் என் டிபார்ட்மென்ட் படுத்துவிடும்.

"எப்டியாச்சும் அந்தம்மாவ புடிச்சு வைப்பா" என்றார் முதலாளி. அதற்காகவே என்னைச் சென்னைக்கு இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் அனுப்பினார்.

நல்ல மேனேஜர் தன் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அங்கே சொன்னார்கள். நான் அடிக்கோடிட்டேன். இரண்டு முறை. எனக்குத்தான் எதைக் கற்றுக்கொடுத்தாலும் உடனே செய்து பார்த்தாக வேண்டுமே!

மறுநாளே ஸ்டாஃப் கேன்டீனில் ஆஜர். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த ரூம்பாய் ஒருவரிடம், "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"புத்தூர்லதான் சார்."

இரண்டாவது வாரம் கேன்டீன் காலி. 'சாப்பாட்டு நேரத்தையும் குறைத்துக்கொண்டு உழைக்கிறார்கள்' என்று முதலாளிக்கு மெயில் அனுப்பினேன். பெருமையோடு.

பிறகுதான் கறிவேப்பிலை. 312-க்குப் புது உறையோடு நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, துவைத்த துணிகளை அடுக்கி வைக்கும் லினன் ரூம் கதவைத் திறந்தேன். தரையில் ஆறு பேர், ஆறு டிபன் பாக்ஸ். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"இங்கேயா சாப்பிடுறீங்க?"

"ஆமா சார்" என்றார் செல்வியக்கா.

"கேன்டீன்ல ஃபேன் இருக்கே?"

"நீங்களும் இருக்கீங்களே சார்."

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "விடிகாலைல பஸ்ஸு. வந்ததுலேர்ந்து குனியறது, நிமிர்றது. இந்த அரை மணி நேரந்தான் நாங்க பேசிக்கினு துன்றது. எதிர்ல உக்காந்து நீங்க கேள்வி கேட்டுக்கினு இருந்தா சோறு எறங்குமா?"

"அதனாலதான் நாயுடுபேட்டை போறீங்களா?"

"மொதல்ல அது சும்மா பேச்சுதான் சார். நீங்க சாப்பிட வந்தப்பறந்தான் அப்ளிகேஷனே போட்டேன்."

இரண்டு நாள் பயிற்சியின் பலன்!

"இனிமே நான் வரல" என்றேன். "நீங்க கேன்டீனுக்கே போங்கக்கா."

"பாக்கலாம் சார்."

அன்றிலிருந்து என் கேபினில் தனியாகத் தயிர்சாதம். சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன். முதல் நாள் டிபன் பாக்ஸ் சத்தம் மட்டும். மூன்றாம் நாள் சிரிப்பு. என்னைப் பற்றித்தான்... வேறு எதற்கு அப்படிச் சிரிப்பார்கள்?

நேற்று மதியம் செல்வியக்கா டிபன் பாக்ஸும் கையுமாக வாசலில் நின்றார். "கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சு சார். வரலன்னு சொல்ட்டேன்."

சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். "சூப்பர்க்கா! வாங்க, இன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து..."

ஒரு பார்வை பார்த்தார்.

உட்கார்ந்துவிட்டேன் — பயிற்சிக்குப் போய் வந்தபின் நான் செய்த ஒரே உருப்படியான நிர்வாகம் அதுதான்.