பம்பரம் டீச்சரின் முப்பத்திரண்டு கவர்கள்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பள்ளியில் வைத்த பெயர் பம்பரம். தன் வகுப்பில் நாற்காலி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்பார்கள். வீட்டிலும் அதே கதைதானாம். "இவ நடந்துக்கிட்டேதான் சாப்பிடுவா, தட்டுதான் பாவம்" என்று அவர் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த ஓட்டத்துக்குக் காரணம் முப்பத்திரண்டு கவர்கள். வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் வரிசையாக மாட்டியிருப்பார். பிள்ளைக்கு ஒரு கவர், உள்ளே அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிய கணக்கு. பெருக்கலில் தடுக்கி விழும் டிரைவர் மகளுக்கு, பஸ்ஸில் வரிசைக்கு நாலு சீட்டு, பதிமூணு வரிசை, மொத்தம் எத்தனை? படம் போட்டால்தான் பிடிபடும் குண்டனுக்கு, கோடு போட்டுப் போடும் கணக்கு. கவர் மேல் பெயர் கிடையாது. எறும்பு, குடை, பூட்டு என்று படம்தான். பின்தங்கிய பிள்ளையை மற்றவர்கள் கேலி பேசக்கூடாதாம். படமும் வாராவாரம் மாறும். எது யாருடையது என்பது ஒரு நீல நோட்டில் மட்டும் இருந்தது.

ஹெச்.எம். அம்மாவுக்கு இது வயிற்றெரிச்சல். "ஒரு வகுப்புன்னா எல்லாரும் புத்தகத்துல ஒரே பக்கத்துல இருக்கணும். நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றாரு. அவர் வேண்டாம்னுட்டா கயித்த அவுத்துருங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அதிகாரி ஹெச்.எம். அம்மாவோடு வகுப்பில் வந்து நின்றார். டீச்சர் பைக்குள் கைவிட்டார். நோட்டைக் காணோம். அது வீட்டில் பிரிட்ஜ் மேல் சுகமாகப் படுத்திருந்தது.

வாசலில் கைவேலை டீச்சரின் தலை முளைத்தது. அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கே சங்கதி நடந்தாலும் அவர் இருப்பார்.

"என்ன பம்பரம், சாட்டை தொலைஞ்சு போச்சா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் கயிற்றடிக்கு ஓடினார். கைக்கு வந்த கவரை எதிரே வந்த பிள்ளையிடம் நீட்டிக்கொண்டே போனார். கயிறு காலியானது.

வகுப்பு சலசலத்தது.

"ஏய், இதுல பஸ் வருது. உன்னோடதுதான், புடி."

"கோடு போடுற கணக்கு யாருக்கு? டேய் குண்டா, இந்தா!"

"இது தலையச் சுத்துற கணக்கா இருக்கு. கண்ணாடிக்காரிக்குக் குடுங்கடா, அவதான் விடமாட்டா."

ஐந்தே நிமிஷம். முப்பத்திரண்டு பேரும் அவரவர் கவரோடு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் வகுப்புக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையும் பல்லைக் காட்டவில்லை.

அதிகாரி டிரைவர் மகளிடம் குனிந்தார். "பக்கத்துப் பொண்ணு பின்னம் போடுறா. நீ இன்னும் பெருக்கல்லயே இருக்கியே?"

"அவ போன மாசம் தாண்டிட்டா சார். நான் முன்னெல்லாம் அவளப் பாத்துதான் எழுதுவேன். இப்ப நானே போடுறேன். இன்னும் ரெண்டு கவர்தான், நானும் தாண்டிருவேன்."

அதிகாரி நிமிர்ந்து ஹெச்.எம்மைப் பார்த்தார். "கயிறு இருக்கட்டும்மா."

பம்பரம் டீச்சர் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த அதிசயத்தைப் பார்த்தார்கள்.

நாற்காலி சூடாகக்கூட இல்லை. கண்ணாடிக்காரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், முடிச்சுட்டேன். இது ரொம்ப சுலபமா இருக்கு."

"சுலபமா? எங்க, கொண்டா பாப்போம்!" டீச்சர் துள்ளி எழுந்தார்.