தோவாகோ பெண் கேட்டு வந்தாள்

கவிழ்ந்த படகை ஒற்றைக் கையால் நிமிர்த்திவிடும் வீராங்கனை தோவாகோவுக்கு, தொகுஜியைக் கண்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மினெசாகி துறைமுகத்தில் கணவாய் மீனைக் காயவைத்து விற்பவர் தொகுஜி. அவருடைய மகள் சிகுசாவை அவள் காதலித்தாள். தோவாகோ வேறோர் உலகத்துக்காரி. வானத்தில் விழுந்த கிழிசல் வழியாக இங்கே வந்தவள். அந்தக் கிழிசல் மூடிக்கொண்டபோது அவள் பெரிதாக வருந்தவில்லை என்றால், அதற்குக் காரணம் சிகுசாதான்.

"நடந்து வா. பறந்து வந்து தொலைக்காதே" என்று சிகுசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெண் கேட்கப் போகும் அன்று பார்த்து ஒரு படகு பாறையில் மோதியது. அதைக் கரைசேர்த்த தோவாகோ, நேரமாகிவிட்டதே என்று நீல மேலங்கி படபடக்கப் பறந்து வந்து முற்றத்தில் இறங்கினாள். கணவாய்களைத் தொங்கவிட்டுச் சுற்றிக் காயவைக்கும் இயந்திரத்தில் மேலங்கி சிக்கியது. கணவாயோடு கணவாயாக அவளும் சுற்றினாள். ஓர் உதறு உதறினால் இயந்திரம் தூள்தான். ஆனால் பெண் கேட்க வந்த வீட்டில் அப்படிச் செய்யலாமா?

தொகுஜி வந்து விசையை அணைத்தார்.

"இது கணவாய்க்கு. நீ இறங்கு."

"மன்னிச்சுக்குங்க, அப்பா."

"யாருக்கு யாரு அப்பா?"

உள்ளே தேநீர் ஆறியது. "பொண்ணும் பொண்ணும் குடித்தனம் பண்ணா ஊரு என்ன சொல்லும்?" என்றார் தொகுஜி.

"ஊரு போன வருஷமே சொல்லி முடிச்சிருச்சுப்பா" என்றாள் சிகுசா.

அவர் பேச்சை மாற்றினார். "உன் உலகத்துலயும் இந்த ஊர் இருக்கா? நான் இருக்கேனா?"

"இருக்கீங்க. கயிறிழுப்புத் திருவிழாவுல கடற்கரைத் தெருவுக்கு நீங்கதான் தலைவர். வருஷா வருஷம் உங்க பக்கம்தான் ஜெயிக்கும்."

இங்கே அவரை யாரும் தலைவராக்கியதே இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா சிகுசா! சரி, அங்க இவ என்ன பண்றா?"

தோவாகோ தலையைக் குனிந்தாள். "அங்க இவ இல்லைங்க. உங்களுக்குக் கல்யாணமே ஆகல. ஜெயிச்ச கையோட ஒத்தையில வீட்டுக்குப் போவீங்க."

தொகுஜி அடுப்பை மூட்டினார். பிறகு, "பாவம் அந்த ஆளு" என்றார். கணவாயை வாட்டி அவள் தட்டில் வைத்தார். "தின்னு. சுத்திச் சுத்திக் களைச்சிருப்பே."

அந்தக் கோடையில் திருவிழாக் குழு, வீராங்கனைகள் கயிற்றைத் தொடக்கூடாது என்றது. கூட்டத்தில் தொகுஜி எழுந்தார்.

"அவ என் மருமக. கடற்கரைத் தெருக்காரி. இழுப்பா!"

"உனக்குத்தான் பையனே இல்லையே?" என்றார் குழுத்தலைவர்.

"இல்லைதான். அதனால என்ன?"

அவள் சுண்டுவிரலால் மட்டும் இழுக்கலாம் என்று முடிவாயிற்று. ஊரே தன்னைப் பார்ப்பதில் பதறிப்போன தோவாகோ சுண்டுவிரலை மடக்கினாள். கயிறு அறுந்தது. இரண்டு தெருக்காரர்களும் மல்லாக்க விழுந்தார்கள். மணலில் கிடந்தபடியே தொகுஜி பக்கத்தில் கிடந்தவரிடம், "பாத்தியா, என் மருமக!" என்றார்.